ஐம்பத்தெட்டாயிரம் ரூபாய்ப் பெட்டி

அத்தியாயம் 9

பாத்திரம் கழுவ ஒரு பெட்டி. விலை ஐம்பத்தெட்டாயிரம் ரூபாய். விற்றது என் மகள் கவியா. வாங்கியது திருமழபாடி நடராசன் வீட்டார். வாங்கிய இருபத்தோராம் நாள் அது நின்றுபோனது.

அதற்கப்புறம் நடந்ததைப் போன வாரம் படித்திருப்பீர்கள். நடராசன் பெரம்பலூர்க் கடை முதலாளி கலையரசனுக்குப் போன் போட்டு, இது ஏமாற்று வேலை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டுப் பணத்தைக் கொண்டு வந்து வை என்று சொல்லிவிட்டார். கலையரசன் கவியாவைக் கூப்பிட்டார். அரியலூரில் அவர் திறக்கப்போகும் புதுக் கிளைக்கு அவளைத்தான் பொறுப்பாளராகப் போடுவதாகப் பேச்சு. சனிக்கிழமை சாயந்திரத்துக்குள் நடராசன் வாயால் 'பெட்டி ஓடுகிறது' என்று வரவேண்டும். வந்தால் கிளை அவளுக்கு. வராவிட்டால் வேறு ஆளுக்கு. அவ்வளவுதான் அவர் சொன்னது.

இன்றைக்குச் சனிக்கிழமை.

அந்தப் பெட்டியின் மேல் எனக்கு முதலிலிருந்தே நம்பிக்கை கிடையாது. துணி துவைக்கிற மெஷினிலாவது ஒரு கண்ணாடி இருக்கிறது, துணி சுற்றுவது தெரிகிறது. இது மூடிக்கொண்டால் மூடிக்கொண்டதுதான். உள்ளே கழுவுகிறதா, தூங்குகிறதா, யாருக்குத் தெரியும்? எங்கள் வீட்டில் அரசாங்கம் இனாமாகக் கொடுத்த கிரைண்டர் இன்னும் ஓடுகிறது. அதற்கு நான் கொடுத்த விலை வெயிலில் நின்ற ஒரு பகல். இதையெல்லாம் கவியாவிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். அவள் கேட்டுக்கொண்டே தலை வாருவாள்.

நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம், நீ வந்தால் சண்டை போடுவாய் என்றாள். வாயைத் திறக்க மாட்டேன் என்று சொல்லித்தான் கூடப் புறப்பட்டேன். அவளைத் தனியே அனுப்ப எனக்கு மனசில்லை. காரணம் இருக்கிறது. பெரம்பலூருக்குக் குடி வருவதற்கு முன்னால் எங்களுக்குத் திருமழபாடிதான். என் பெண்டாட்டி பச்சையம்மா பத்தொன்பது வருடம் பாத்திரம் விளக்கியது அந்த நடராசன் வீட்டில்தான். விலாசத்தைப் பார்த்ததுமே கவியாவுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் விற்றிருக்கிறாள்.

புறப்படும்போது பச்சையம்மா மகளின் சுடிதார் துப்பட்டாவைச் சரி செய்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னாள்.

"முன் வாசல் வழியாப் போ."

அரியலூர் பஸ்ஸில் இடம் கிடைத்தது. சிமெண்ட் லாரிகள் வரிசையாக எதிரே வந்தன. கவியா மடியில் ஒரு சின்னப் புத்தகம், அந்தப் பெட்டியோடு வருகிற விளக்கப் புத்தகம். நான் அதை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

"கடைக்கு வர்றவங்ககிட்ட சொல்றதை விடு. எங்கிட்ட நெசத்தைச் சொல்லு. அது அவ்வளவு காசு பெறுமா?"

"வூட்டைப் பொறுத்துப்பா. புருசன் பொண்டாட்டி ரெண்டே பேருன்னா பெறாது. நானே வேணாம்னு சொல்லி அனுப்பிடுவேன். போன மாசம் நாலு பேரை அனுப்பியிருக்கேன். அதுக்கு மொதலாளிகிட்ட திட்டு வாங்குனேன்."

"அப்ப இந்த வூட்டுக்கு மட்டும் எதுக்கு வித்த?"

"அஞ்சு பேரு, மூணு வேளை, களத்து ஆளுங்களுக்கு டீ, விருந்தாளி வேற. கழுவ ஒரே ஒரு மருமவ. அந்தப் பொண்ணு கடைக்கு வந்தப்ப அதோட கையைப் பாத்தேன். விரல் இடுக்கெல்லாம் வெடிச்சுக் கெடந்துச்சு."

விற்காமல் திட்டு வாங்குகிற சேல்ஸ் பெண்ணை நான் கேள்விப்பட்டதில்லை. எனக்கு வந்து பிறந்திருக்கிறாள் என்று நினைத்தேன். வெளியே சொல்லவில்லை. சொன்னால் தலையில் ஏறிவிடும்.

திருமழபாடியில் இறங்கி நடந்தோம். கொள்ளிடத்துக் காற்று மணலை வாரி முகத்தில் போட்டது. நடராசன் வீடு மாடி வைத்து, டைல்ஸ் ஒட்டி, இரும்புக் கேட் போட்டு அடையாளமே மாறியிருந்தது. கவியா முன் வாசலில் ஏறிப் பெல்லை அமுக்கினாள். நான் இரண்டு படி கீழேயே நின்றேன். அவள் திரும்பிப் பார்த்தாள். நானும் ஏறினேன்.

கதவைத் திறந்தது மருமகள் ஆர்த்தி. அவள் புருசன் ராஜராஜன் சிங்கப்பூரில். பெட்டிக்குப் பணம் அனுப்பியது அவன்தான். ஹாலில் நடராசன் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். வாங்க என்று சொல்லவில்லை. கடையிலிருந்து மெக்கானிக்கை அனுப்பச் சொன்னால் சின்னப் பெண்ணை அனுப்புகிறார்களா என்று டி.வி.யைப் பார்த்தே சொன்னார். ஏற்கெனவே ஒரு மெக்கானிக் வந்தானாம். போர்டு போய்விட்டது, புதுசு வர ஒரு மாதம் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டானாம்.

உள்ளேயிருந்து அவர் மனைவி சம்பூர்ணம் வந்தார். கவியாவை விட்டுவிட்டு என்னையே பார்த்தார்.

"நீ அரியமுத்துல்ல?"

ஆமாம் என்றேன்.

"அப்ப இது பச்சையம்மா மவளா?"

"ஆமாம்மா. நான்தான் கவியா," என்றாள் என் மகள். "மெஷினைப் பாத்துடலாங்களா?"

அந்த வீட்டு அடுப்படியை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன். பத்தொன்பது வருடத்தில் பச்சையம்மாவே அதைப் பார்த்ததில்லை. கொல்லைப்புறக் கல்தொட்டி வரைக்கும்தான் அவளுக்கு. பாத்திரங்கள் அங்கே வந்து விழும்.

பெட்டி அடுப்புத் திட்டுக்குக் கீழே வெள்ளிக் கலரில் உட்கார்ந்திருந்தது. கரண்டைப் போட்டதும் கீ கீ என்று கத்தியது. தண்ணீர் இழுக்கவில்லை, சுற்றவில்லை. கவியா கரண்டை நிறுத்தினாள். கீழ்த் தகட்டின் இரண்டு திருகாணிகளைக் கழற்றி, தரையில் படுத்து, செல்போன் விளக்கை உள்ளே அடித்தாள். பழைய துணி ஒன்று கேட்டாள். துணியை உள்ளே விட்டு ஒற்றி ஒற்றிப் பிழிந்தாள். அரை வாளித் தண்ணீர் வந்தது. வெறும் தண்ணீர் இல்லை, நுரை.

நான் மனசுக்குள் போச்சு என்றேன். ஒழுகுகிற பெட்டியை என் மகள் தலையில் கட்டிவிட்டார்கள், இவள் அதை இவர்கள் தலையில் கட்டிவிட்டாள் என்றுதான் எனக்குப் பட்டது. நடராசனும் அதையே சொன்னார். ஓட்டைப் பெட்டி என்றார். நான் தலையாட்டாமல் இருக்கப் பாடுபட்டேன்.

கவியா எழுந்து பெட்டியின் கதவைத் திறந்தாள். உள்ளே அடுக்கியிருந்த தட்டுகளில் ஒன்றை எடுத்து முகர்ந்தாள். விரலால் தேய்த்தாள். கீச்சென்றது.

"மேடம், இதெல்லாம் ஓடி முடிஞ்ச தட்டா, ஓடாத தட்டா?"

ஓடாததுதான் என்றாள் ஆர்த்தி.

"ஓடாத தட்டு இவ்வளவு சுத்தமா இருக்கே. யாரு அடுக்குறது?"

ஆர்த்தி மாமியாரைப் பார்த்தாள். சம்பூர்ணம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"நான்தான். மருமவ அப்படியே திணிக்குது, எனக்குப் புடிக்கல. நல்லா சோப்புப் போட்டு ஒரு கை கழுவித்தான் உள்ள வைக்கிறேன். எச்சித் தட்டைப் போயி நாம பொழங்குற பெட்டிக்குள்ள வைப்பாங்களா?"

கவியா சிரிக்கவில்லை. நானாக இருந்தால் சிரித்திருப்பேன், காரியமும் கெட்டிருக்கும். அவள் பொறுமையாகச் சொன்னாள். கையால் கழுவுகிற சோப்பு நுரைக்கிற சோப்பு. பெட்டிக்குப் போடுகிற தூள் நுரைக்காத தூள். தட்டில் ஒட்டியிருக்கும் சோப்பு உள்ளே போய், சுடுதண்ணீரும் சேர்ந்து, நுரை பொங்கி வழிந்து பெட்டியின் அடியில் இறங்கியிருக்கிறது. அடியில் தண்ணீர் தேங்கினால் ஒரு மிதவை மேலே எழும்பும். அது எழும்பினால் தண்ணீர் ஒழுகுகிறது என்று நினைத்து மெஷின் தன்னாலே நின்றுவிடும். போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"அப்ப எப்படி வைக்கணுங்குற?" என்றார் நடராசன்.

"பருக்கை, எலும்பு, கருவேப்பிலையை மட்டும் தட்டிவிட்டுட்டு எச்சிலோட வைக்கணும் சார். அந்தத் தூளு அழுக்கைத் தின்னுற தூளு. எச்சில்தான் அதுக்குச் சாப்பாடு."

சம்பூர்ணம் முகத்தைச் சுளித்துக்கொண்டார். சாமி விளக்கு வைத்துப் புழங்குகிற வீடு இது என்றார். விளக்கையும் பூசைச் சாமானையும் பெட்டிக்குள் வைக்கவே வேண்டாம், அதைத் தனியாகக் கையால்தான் விளக்க வேண்டும், பித்தளைக்கு இந்தத் தூள் ஆகாது என்றாள் கவியா. அது ஒன்றில் மட்டும் அந்த அம்மாள் சமாதானம் ஆனார்.

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. ஹாலுக்கு வந்துவிட்டேன். என் பெண்டாட்டிக்குப் பத்தொன்பது வருடம் எச்சிலோடு போட்டார்கள். இரும்புப் பெட்டிக்குக் கழுவி வைக்கிறார்கள்.

வாயைத் திறப்பதில்லை என்று சொல்லிவிட்டு வந்ததால் திறக்கவில்லை.

ஓட்டிக் காட்டு, என் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார் நடராசன். கவியா முதலில் தட்டுகளையெல்லாம் எடுத்துவிட்டு வெறும் தண்ணீர் விட்டு ஒரு தடவை ஓட்டினாள். கீ கீ சத்தம் இல்லை. உள்ளேயிருந்த நுரை வடிந்தது. அப்புறம் சொன்னாள், மதியச் சாப்பாட்டுத் தட்டு வேண்டும், ஒன்றும் கழுவக் கூடாது, அதிகம் இருந்தால் நல்லது.

"அப்ப நீங்களும் சாப்புடுங்க," என்றாள் ஆர்த்தி.

மாமியார் மருமகளை ஒரு பார்வை பார்த்தார். மருமகள் அப்பளம் பொரிக்கத் திரும்பிக்கொண்டாள். எங்களுக்குப் பசி இல்லை என்றேன். கவியா என் கையைக் கிள்ளினாள். சம்பூர்ணம், "ஒக்காரு அரியமுத்து," என்றார். அதை அவர் சொல்லிப் பழகவில்லை, பாதி சத்தத்தில்தான் வந்தது.

டைனிங் டேபிளில் நடராசனுக்கு எதிரே உட்கார்ந்தேன். முருங்கைக்காய் சாம்பார், வாழைக்காய்ப் பொரியல், அப்பளம், மோர். சாம்பார் நன்றாக இருந்தது. இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆர்த்தியின் இரண்டு பெண்பிள்ளைகள் என் மீசையையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டன. நடராசன் ஒரு தடவை, இப்போது எங்கே இருக்கிறாய் என்று கேட்டார். பெரம்பலூரில் என்றேன். அதோடு பேச்சு முடிந்தது.

சாப்பிட்டு எழுந்தேன். தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் நடந்தேன். நான் நடக்கவில்லை, கால் நடந்தது. அந்த வீட்டில் எங்கள் ஆட்கள் சாப்பிட்டால் சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் போக வேண்டும். கொல்லைக் கதவின் தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டேன்.

"அப்பா, தட்டைக் கழுவாத. இங்க கொண்டா," என்றாள் கவியா.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் எல்லாரும் திரும்பினார்கள்.

என் கையிலிருந்து தட்டை வாங்கினாள். ஓரத்தில் கிடந்த முருங்கைச் சக்கையைத் தட்டிவிட்டாள். பெட்டியின் கீழ் அடுக்கை இழுத்தாள். நடராசன் தட்டு ஏற்கெனவே அதில் நின்றது. அதற்குப் பக்கத்துக் கம்பியில் என் தட்டைச் சொருகினாள். அப்புறம் பிள்ளைகள் தட்டு, ஆர்த்தி தட்டு, தன் தட்டு. சாம்பார்க் குண்டானைக் கவிழ்த்து வைத்தாள்.

நடராசன் இரண்டு தட்டையும் பார்த்தார். இருமிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

மிச்சம் சம்பூர்ணம் தட்டு. அந்த அம்மாள் அடுப்படித் தொட்டிக் குழாய்க்குக் கீழே தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். கை குழாய்த் திருகில் இருந்தது. திருகினால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. அவர் வீடு, அவர் தட்டு. கவியா அடுக்கை இழுத்துப் பிடித்தபடி குந்தியிருந்தாள். வையுங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவள் கிளை அந்தத் திருகில்தான் நின்றது.

சம்பூர்ணம் குழாயை விட்டுவிட்டார்.

"இந்தா. வையி," என்றார்.

கவியா தூளைப் போட்டு, கதவைச் சாத்தி, பொத்தானை அமுக்கினாள். உள்ளே தண்ணீர் இறங்கியது. அப்புறம் மழை ஓட்டு மேல் விழுகிற மாதிரி ஒரு சத்தம். இரண்டு மணி நேரம் பத்து நிமிடம் ஆகும் என்று எண் காட்டியது. நடராசன் நாற்காலியை அடுப்படி வாசலில் போட்டுக்கொண்டு காவல் உட்கார்ந்தார். இவ்வளவு நேரத்தில் ஏழு பேர் பாத்திரத்தைக் கழுவித் திருச்சி மலைக்கோட்டைக்குப் போய்த் திரும்பிவிடலாம் என்றார். அந்த ஒன்றில் நானும் அவரும் ஒரே கட்சி. கவியா மட்டும் சொன்னாள், நேரம் மெஷினுடையதுதான் சார், மேடத்துடையது இல்லையே. ஆர்த்தி பிள்ளைகளோடு கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருந்தாள். மத்தியானத்தில் அவள் படுத்து எத்தனை நாள் ஆயிற்றோ, அப்படியே தூங்கிவிட்டாள். சம்பூர்ணம் அவளை எழுப்பப் போனவர், எழுப்பாமல் திரும்பி வந்தார்.

நாலேகாலுக்குக் கதவு தன்னாலேயே ஒரு சாண் திறந்தது. ஆவி வந்தது.

நடராசன்தான் முதலில் கையை விட்டார். ஒரு தட்டை எடுத்தார், சுட்டது, துண்டால் பிடித்துக்கொண்டார். சன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகர்ந்தார். விரலால் தேய்த்தார். இரண்டாவதை எடுத்தார், மூன்றாவதை எடுத்தார். குண்டானின் அடியைத் தடவினார். நானும் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். கை விளக்கிய பாத்திரத்தை எனக்குத் தெரியும், வீட்டில் அதற்கு ஒரு ராணியே இருக்கிறாள். குறை சொல்ல இடம் தேடினேன். இல்லை.

எது யார் தட்டு என்று யாருக்கும் தெரியவில்லை.

நடராசன் போனை எடுத்தார். கலையரசனிடம், "ஓடுது," என்றார். அந்தப் பக்கம் என்னவோ கேட்டார்கள். "ஒண்ணும் வேணாம்யா, பெட்டி இங்கேயே இருக்கட்டும். உங்க மெக்கானிக்கை மாத்துங்க. இந்தப் பொண்ணு வெவரமான பொண்ணு." வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒன்னை மாதிரி இல்ல, அரியமுத்து."

"ஆமாங்க," என்றேன். "அவ அம்மா மாதிரி."

அன்றைக்கு அந்த வீட்டில் நான் பேச்சென்று பேசியது அதுதான். சம்பூர்ணம் தலையைக் குனிந்து தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

கேட்டுக்கு வெளியே வந்தபின் ஆர்த்தி பின்னாலேயே ஓடிவந்து கவியாவின் நம்பரை வாங்கிக்கொண்டாள். தூள் எங்கே கிடைக்கும் என்று கேட்பதற்காக இருக்கும் என்று நினைத்தேன். பஸ் அரியலூரைத் தாண்டும்போது கலையரசனே கூப்பிட்டார். வியாழக்கிழமை திறப்பு, சாவி உன்னிடம்தான் என்றார். கவியா சரிங்க சார் என்று சொல்லிவிட்டுப் போனைப் பைக்குள் போட்டாள். அப்புறம் என் தோளில் சாய்ந்துகொண்டாள். பஸ்ஸில் பின் சீட்டுக்காரன் பார்த்தான். பார்க்கட்டும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். இதுவரைக்கும் எங்கள் வம்சத்தில் யார் கையிலும் ஒரு கடைச் சாவி இருந்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் பச்சையம்மாவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். முன் வாசல், டைனிங் டேபிள், தட்டு, எல்லாம். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில், அந்தப் பெட்டி என்ன விலை என்றாள். நான் இத்தனை நாள் அவளிடம் அதைச் சொன்னதில்லை. சொன்னால் அடிக்க வருவாள் என்று பயம்.

"அம்பத்தெட்டாயிரம்."

கீரையை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்த வூட்டுப் பாத்திரத்துக்கா? கம்மியாத்தான் போட்டுருக்கான்."

இத்தனை மாதமாக நானும் கவியாவும் வாதாடிய வாதத்தை அவள் உட்கார்ந்த இடத்தில் முடித்துவிட்டாள்.

அப்போது கவியாவின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு வாசல் பக்கம் போனாள். அவள் பேசுவது எங்களுக்குக் கேட்டது. சொல்லுங்க மேடம் என்றாள். கொஞ்ச நேரம் கேட்டாள். நீங்க பி.எஸ்சி. முடிச்சிருக்கீங்களா, எனக்குத் தெரியாதே என்றாள். வீட்டில் கேட்டுவிட்டீர்களா என்றாள். மறுபடி கேட்டாள். கேட்காமலேயா என்றாள்.

"யாரு?" என்றாள் பச்சையம்மா.

"நடராசன் மருமவ."

"அந்த வூட்டு மருமவ நம்ம புள்ளைக்கு எதுக்குப் போன் பண்ணுது?"

"வேலை கேக்குது," என்றேன்.